சங்கிலியைக் கையில் கொடுங்கள்: புரத அமைப்பை மாதிரிகள் வைத்து நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

புரதச் சங்கிலி சுருண்டு நிற்கும் வடிவமான ஆல்ஃபா சுருளைக் கரும்பலகையில் ஸ்பிரிங் மாதிரி வரைந்து, “இதுதான் இரண்டாம்நிலை அமைப்பு” என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்க்கொண்டிருந்த ஆசிரியர்களில் நானும் ஒருவன். ஒரு வருடம் பிளஸ் டூ வகுப்பில் இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: “சார், ஸ்பிரிங்னா நடுவுல ஓட்டை இருக்குமே, அதுக்குள்ள என்ன சார் இருக்கும்?” என்னிடம் பதில் இல்லை. “நாளைக்குச் சொல்றேம்மா” என்று சமாளித்தேன். அன்று மாலை வீட்டில் ஒரு பைப்பையும் காகிதத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததில்தான் இந்தப் பாடத்திட்டம் பிறந்தது.

அழகாக மடித்து முடித்த பிளாஸ்டிக் மாதிரியைக் கடையில் வாங்கி மேசைமேல் வைத்தால் பிள்ளைகள் பார்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், அவ்வளவுதான். புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த, தன்னைத்தானே மடித்துக்கொள்ளும் ஒரு சங்கிலி. மடிக்கும் வேலையை நீங்களே செய்து முடித்துவிட்டால் பாடத்தில் மிச்சம் எதுவும் இல்லை. மடியாத சங்கிலியைக் கொடுங்கள், கூடவே விதிகளைக் கொடுங்கள். முறுக்குவதும் தப்பு செய்வதும் அவர்கள் வேலை.

45 நிமிடப் பீரியடு நான்கு இருந்தால் எல்லாவற்றையும் முடிக்கலாம். இரண்டுதான் கிடைக்கும் என்றால் படி 1, படி 4 இரண்டை மட்டும் செய்யுங்கள்.

வாங்க வேண்டியவை

நாலைந்து பேர் கொண்ட ஒரு குழுவுக்கான கணக்கு இது. ஒன்றரை இஞ்ச் பிளம்பிங் பைப் ஓர் அடி நீளம். சார்ட் பேப்பர் ஒன்று. பழைய விசிட்டிங் கார்டுகள், பல்குத்தும் குச்சிகள், இரண்டு மூன்று சிறிய தெர்மோகோல் பந்துகள். கையால் வளைகிற அளவுக்கு மெத்தென்ற அலுமினியக் கம்பி ஒன்றே கால் மீட்டர். அதே நீளத்துக்கு லெவல் டியூப், அதாவது கொத்தனார்கள் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கும் அந்தக் கண்ணாடி மாதிரியான குழாய். கலர் பிளாஸ்டிக் துணிக்கிளிப் 15: மஞ்சள் ஆறு, வெள்ளை மூன்று, சிவப்பு, நீலம், பச்சை தலா இரண்டு. சொன்ன நிறம் கிடைக்காவிட்டால் கலர் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொள்ளலாம்.

தெர்மோகோலில் ஒட்ட வெள்ளைப் பசை மட்டும்தான். ரப்பருக்கும் தோலுக்கும் போடும் மஞ்சள் பசையை எடுத்தேன் ஒருமுறை. நாற்பது பந்துகளும் கண்ணெதிரே கரைந்து குழிந்துபோயின. கரைப்பானைப் பற்றி அன்றைக்கு ஒரு பாடம் நடந்தது, புரதப் பாடம் நடக்கவில்லை.

படி 1: பைப்பில் சுற்றும் காகிதம்

இந்தப் படியை ஒரு கதையோடு தொடங்கலாம். 1948-இல் அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் ஆக்ஸ்ஃபோர்டில் சளிப் பிடித்துப் படுத்திருந்தார். துப்பறியும் கதைகள் படித்து அலுத்துப்போய், ஒரு தாளில் பெப்டைடு சங்கிலியை, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியை, வரைந்து மடித்துப் பார்க்க ஆரம்பித்தார். மடிக்க மடிக்க ஒரு சுருள் வந்தது. ஆனால் உடனே வெளியிடவில்லை. அவர் சுருளில் ஒரு சுற்றின் உயரம் 5.4 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு), முடியை எக்ஸ்ரேயில் வைத்து எடுத்த படங்களோ 5.1-க்குப் பக்கத்தில் காட்டின. மூன்று வருடம் கழித்து, 1951-இல், சக ஆய்வாளர்கள் கோரி, பிரான்சன் இருவரோடும் சேர்ந்து வெளியிட்டார். அந்த வித்தியாசத்துக்குக் காரணம் பிறகு தெரிந்தது: முடியில் சுருள்களே ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு சாய்ந்து கிடக்கின்றன.

இனி செய்முறை. சார்ட் பேப்பரில் இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு நீளமான பட்டை வெட்டி, நடுவே ஒரு கோடு இழுத்து, 4.5 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து 1, 2, 3 என்று எண் போடச் சொல்லுங்கள். 12 புள்ளிகள் போதும். ஒவ்வொரு புள்ளியும் ஓர் அமினோ அமிலத்தின் ஆல்ஃபா கார்பன், அதாவது அதன் நடுக் கார்பன். பைப்பின் வெளி விட்டம் சுமார் 4.8 சென்டிமீட்டர். அதன்மேல் பட்டையைச் சுற்றும்போது ஒரு சுற்றுக்கு 5.7 சென்டிமீட்டர் மேலே ஏற வேண்டும். அந்த இடைவெளியைப் பைப்பில் முன்கூட்டியே பேனாவால் குறித்துவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

சுற்றி முடித்ததும் எண்ணச் சொல்லுங்கள். ஒரு முழுச் சுற்றுக்குள் மூன்றும் இல்லை, நான்கும் இல்லை. மூன்றரைக்குக் கொஞ்சம் கூட. அதுதான் 3.6. இந்த எண்ணைப் புத்தகத்தில் மனப்பாடம் செய்தவர்கள் அப்போதுதான் அதைக் கண்ணால் பார்ப்பார்கள். அடுத்து, 1-க்கு மேலே எது இருக்கிறது என்று கேளுங்கள். சற்றே தள்ளி 5 இருக்கும். 2-க்கு மேலே 6. முதல் அமிலத்தின் கார்பன்-ஆக்சிஜன் முனைக்கும் ஐந்தாவதின் நைட்ரஜன்-ஹைட்ரஜன் முனைக்கும் இடையே ஒரு நூலை டேப்பால் ஒட்டினால் அது ஹைட்ரஜன் பிணைப்பு. 2–6, 3–7 என்று தொடர்ந்து ஒட்டினால் நூல்கள் எல்லாம் பைப்புக்கு ஏறக்குறைய இணையாக நிற்கும். சுருளைச் சுருளாக நிறுத்தி வைப்பது அந்த நூல்கள்தான்.

அளவையும் சொல்லிவிடுங்கள். இங்கே ஒரு சென்டிமீட்டர் என்பது கிட்டத்தட்ட ஓர் ஆங்ஸ்ட்ராம். பத்துக் கோடி மடங்கு பெரிதாக்கியிருக்கிறோம்.

எட்டுக் குழு இருந்தால் நான்கு குழுவாவது இடக்கைச் சுருளாகச் சுற்றியிருக்கும். திட்ட வேண்டாம். 1951-இல் வந்த அந்தக் கட்டுரையின் படத்திலேயே சுருள் இடக்கையாகத்தான் இருந்தது. சோதிக்க எளிய வழி: பைப்பைத் தூண் மாதிரி நிமிர்த்திப் பிடியுங்கள். நம் பக்கம் தெரியும் பட்டை இடது கீழிருந்து வலது மேலாக ஏறினால் வலக்கைச் சுருள். தலைகீழாகத் திருப்பினாலும் அது மாறாது. பிள்ளைகள் இதை நம்பமாட்டார்கள், நாலு முறை திருப்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

அந்தப் பெண்ணின் ஓட்டைக்கு வருவோம். பைப் ஒரு பொய். அணுக்களை வெறும் புள்ளிகளாகக் குறித்ததால்தான் நடுவே வெற்றிடம் தெரிகிறது. கார்பன் அணுவின் ஆரமே சுமார் 1.7 ஆங்ஸ்ட்ராம், முதுகெலும்புச் சங்கிலியின் அணுக்கள் சுருளின் அச்சிலிருந்து ஏறத்தாழ அதே தூரத்தில்தான் இருக்கின்றன. அணுக்களை அவற்றின் உண்மைப் பருமனோடு வைத்தால் நடுவில் அவை ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். தண்ணீர் மூலக்கூறு ஒன்றுகூட நுழையாது. பைப்பை உருவிவிட்டு, காகிதச் சுருளின் உள்ளே களிமண்ணைத் திணித்துக் காட்டுவேன். ஓட்டை இல்லை என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

படி 2: இரண்டு விசிட்டிங் கார்டு

சங்கிலி எங்கே வளையும், எங்கே வளையாது என்பதுதான் இந்தப் படியின் கேள்வி. அடுத்தடுத்த இரண்டு அமினோ அமிலங்களைக் கோக்கும் பெப்டைடு பிணைப்பில் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் நடுவே பாதி இரட்டைப் பிணைப்பின் குணம் இருக்கிறது. அதனால் அது முறுகாது. அதைச் சுற்றியுள்ள ஆறு அணுக்களும் ஒரே தளத்தில் கிடக்கும். அந்தத் தளம்தான் நம் விசிட்டிங் கார்டு.

கார்டின் கீழ் இடது மூலையில் ஓர் ஆல்ஃபா கார்பன், மேல் வலது மூலையில் அடுத்த ஆல்ஃபா கார்பன். நடுவில் கார்பனும் நைட்ரஜனும். மேல் இடது மூலையில் ஆக்சிஜன், கீழ் வலது மூலையில் ஹைட்ரஜன். ஆக்சிஜனுக்குச் சிவப்பு, நைட்ரஜனுக்கு நீலம், கார்பனுக்குக் கறுப்பு என்பது வேதியியலில் பழகிப்போன நிறங்கள். மாற்றாதீர்கள், பின்னால் கணினியிலும் ஆக்சிஜனுக்கும் நைட்ரஜனுக்கும் இதே நிறங்கள்தான் வரும். இப்படி இரண்டு கார்டு. ஒரு தெர்மோகோல் பந்தில் இரண்டு குச்சிகளை ஏறத்தாழ 110 டிகிரிக் கோணத்தில் குத்துங்கள். ஒன்றில் முதல் கார்டின் மேல் வலது மூலையையும், மற்றதில் இரண்டாவது கார்டின் கீழ் இடது மூலையையும் டேப்பால் ஒட்டுங்கள். பந்தின் இன்னொரு பக்கம் மூன்றாவது குச்சி, அதன் முனையில் ஒரு துணிக்கிளிப்: அது பக்கச் சங்கிலி, அமினோ அமிலத்துக்கு அமினோ அமிலம் மாறும் பகுதி.

இப்போது இரண்டு கார்டையும் குச்சியோடு சேர்த்துத் திருகலாம். சில நிலைகளில் சுகமாகச் சுற்றும். சில நிலைகளில் மூலையும் மூலையும் முட்டும், அல்லது கிளிப் தடுக்கும். ஒரு கிராஃப் தாளில் ஆறுக்கு ஆறு கட்டம் போட்டு, ஒவ்வொரு கார்டையும் 60 டிகிரி 60 டிகிரியாகத் திருப்பி, முட்டினால் பெருக்கல் குறி, முட்டாவிட்டால் டிக். மொத்தம் 36 கட்டம். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

டிக் விழுந்த கட்டங்கள் அங்கங்கே கூட்டமாக நிற்கும். இதே கேள்வியை அணுக்களின் உண்மையான பருமனை வைத்து முறையாகக் கணக்கிட்டு 1963-இல் வெளியிட்டவர்கள் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன். மூவரும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர்கள். உலகத்தில் எந்த ஆய்வகத்தில் புதிதாக ஒரு புரத அமைப்பைக் கண்டுபிடித்தாலும் சரிபார்ப்பதற்கு, முட்டாத கோணங்களைக் காட்டும் அந்த ராமச்சந்திரன் வரைபடத்தை எடுக்கிறார்கள். கிண்டியில் உருவான கணக்கு இது என்று சொன்னதும் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும். அட்டை மாதிரியில் வரும் கட்டங்கள் அவர்கள் வரைபடத்தோடு அப்படியே பொருந்தாது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அப்புறம் கிளிப்பைக் கழற்றிவிட்டு மறுபடி திருகச் சொல்லுங்கள். டிக் கூடும். அதுதான் கிளைசின்: பக்கச் சங்கிலியாக வெறும் ஒரு ஹைட்ரஜன் மட்டும் உள்ள அமினோ அமிலம்.

படி 3: விசிறி மடிப்பு

இது ஐந்து நிமிட வேலை. காகிதப் பட்டையை விசிறிக்கு மடிப்பதுபோல முன்னும் பின்னும் மடித்துப் பிரித்தால் பீட்டா இழை. ஒவ்வொரு மடிப்பு விளிம்பும் ஓர் ஆல்ஃபா கார்பன். விளிம்பில் குண்டூசி குத்தினால், ஒன்று மேலே, அடுத்தது கீழே என்று மாறி மாறி நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று இழைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நூலால் இணைத்தால் மடிப்புத் தாள். பட்டு நூலில் இருப்பது இதுதான். கிளைசினும் அலனினும் அதிகம் உள்ள சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கிக் கிடக்கும். கம்பளி நூலை இழுத்தால் கொஞ்சம் நீளும், பட்டு அவ்வளவு நீளாது. ஏன் என்று கேட்டுவிட்டு, படி 1-இன் சுருளையும் இந்த விசிறியையும் இரண்டு கையிலும் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள்.

படி 4: கம்பியும் துணிக்கிளிப்பும்

இதற்கு ஒரு முழுப் பீரியடு ஒதுக்குங்கள். பாதியில் மணி அடித்தால் எல்லாம் வீண்.

அலுமினியக் கம்பியை லெவல் டியூபுக்குள் நுழைத்துவிடுங்கள். வெறும் கம்பியில் கிளிப் நழுவும், குழாயில் கெட்டியாகக் கவ்வும். ஒரு முனையில் நீல டேப், மறுமுனையில் சிவப்பு டேப்: நைட்ரஜன் முனை, கார்பாக்சில் முனை. 15 கிளிப்பையும் சம இடைவெளியில் மாட்ட வேண்டும். வரிசையை மாணவர்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யட்டும், ஆனால் எழுதி வைக்க வேண்டும். அந்த வரிசைதான் முதல்நிலை அமைப்பு.

விதிகளைப் பலகையில் எழுதுங்கள். மஞ்சள் கிளிப்புகள் தண்ணீரை வெறுப்பவை; எல்லாம் உள்ளே போய் ஒன்றாக நெருங்க வேண்டும். வெள்ளை தண்ணீரோடு ஒத்துப்போகும், வெளியே இருக்கட்டும். சிவப்பு எதிர்மின், நீலம் நேர்மின். இவையும் வெளியேதான், முடிந்தால் ஜோடியாக. பச்சை, சிஸ்டீன் என்ற கந்தகம் உள்ள அமினோ அமிலம்; இரண்டும் தொட்டுக்கொண்டால் கந்தகமும் கந்தகமும் சேரும் டைசல்பைடு பிணைப்பு, ரப்பர் பேண்டால் கட்டிவிடலாம். வகுப்பறை முழுக்கத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பதினைந்து நிமிடம் எதுவும் பேசாமல் நில்லுங்கள். “சார், மஞ்சளை உள்ள தள்ளுனா பச்சை பிரிஞ்சு போகுது.” “ஏய், முதல்ல பச்சையைக் கட்டுடா.” இந்தச் சத்தம்தான் வேண்டும். விதிகள் ஒன்றோடொன்று மோதும், ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டிவரும். புரதத்துக்குள் நடக்கும் இழுபறியும் இதுவே.

ஒரு சின்னச் சூழ்ச்சி: இரண்டு குழுக்களுக்கு மட்டும் ஒரே வரிசையை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். இரண்டும் வேறு வேறு வடிவத்தில் வரும், அநேகமாக. “வரிசை ஒன்றுதானே, வடிவம் ஏன் மாறியது?” என்று கேளுங்கள். அங்கிருந்து அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஆன்ஃபின்சனின் சோதனைக்குப் போகலாம். அவர் எடுத்துக்கொண்டது ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதி. 124 அமினோ அமிலங்கள், அதில் எட்டு சிஸ்டீன், நான்கு டைசல்பைடு பிணைப்புகள். எட்டுப் பேரை ஜோடி சேர்க்க எத்தனை வழி என்று கணக்குப் போடச் சொல்லுங்கள்: ஏழு பெருக்கல் ஐந்து பெருக்கல் மூன்று, 105. யூரியாவைப் போட்டுச் சங்கிலியை அவிழ்த்து, பிணைப்புகளையும் உடைத்து, பிறகு அந்த இரசாயனங்களை நீக்கினால், நொதி தானாகவே மடிந்து அந்த 105-இல் சரியான ஒன்றை அடைந்தது, வேலையும் செய்தது. யூரியா இருக்கும்போதே பிணைப்புகளைப் போட விட்டால் கன்னாபின்னாவென்று ஜோடி சேர்ந்து, செயல்திறன் ஏறக்குறைய ஒரு சதவீதத்துக்கு விழுந்தது. 1972-இல் அவருக்கு நோபல் பரிசு. நம் கை ஒரு வடிவத்தில் மாட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. மூலக்கூறோ வெப்பத்தில் ஓயாமல் குலுங்கிக்கொண்டே இருப்பதால் இன்னும் வசதியான வடிவத்தைத் தேடிப் போய்ச் சேர்கிறது.

மாதிரி அசிங்கமாக இருக்கிறது என்று சிலர் வருத்தப்படுவார்கள். ஜான் கெண்ட்ரூவின் ஆய்வுக் குழு, தசையில் ஆக்சிஜனைத் தேக்கி வைக்கும் புரதமான மையோகுளோபினின் வடிவத்தை 1958-இல் முதன்முதலாகக் களிமண் மாதிரியில் காட்டியபோது, அதுவும் பின்னிக்கொண்ட குடல் மாதிரிதான் இருந்தது. இவ்வளவு ஒழுங்கில்லாமல் இருக்கும் என்று அவர்களே எதிர்பார்க்கவில்லை.

படி 5: ஒரே ஒரு கிளிப்

மடித்த மாதிரியில் வெளியே இருக்கும் ஒரு சிவப்பு கிளிப்பைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் ஒரு மஞ்சளை மாட்டச் சொல்லுங்கள். மஞ்சள் இப்போது தண்ணீரில் நிற்கிறது. உள்ளே போக வழியில்லை. என்ன செய்யும்? பக்கத்துக் குழுவின் மஞ்சளோடு போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மாதிரிகளை ஒட்டவைத்து, மூன்றாவது, நான்காவது என்று நீட்டினால் வகுப்பு முழுக்க ஒரு நீளமான கம்பி உருவாகும்.

அரிவாள் செல் சோகையில் நடப்பது இதுதான். ஹீமோகுளோபினில் நான்கு சங்கிலிகள்: 141 அமினோ அமிலங்கள் கொண்டவை இரண்டு, 146 கொண்டவை இரண்டு. ஆக 574. 146 உள்ள பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் போய் வேலின் வந்து உட்காருகிறது, சிவப்பு போய் மஞ்சள். 1957-இல் வெர்னான் இங்கிராம் இதைக் கண்டுபிடித்தார். ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின்கள் அந்த வேலின் வழியாக ஒன்றோடொன்று கோத்து நீண்ட இழைகளாகி, சிவப்பணுவையே அரிவாள் போல வளைத்துவிடும். இந்தியாவில் இது முதலில் பதிவானது 1952-இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம். இதைச் சொல்லும்போது மட்டும் குரலில் கவனம் வேண்டும். மேற்கு மாவட்டங்களில் அந்த ஜீன் உள்ள பிள்ளையே உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம்.

படி 6: முப்புரி

பல சங்கிலிகள் ஒன்றுசேர்ந்து நிற்கும் நான்காம்நிலை அமைப்புக்கு ஹீமோகுளோபினையே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன். மூன்று கயிற்றுத் துண்டுகள் போதும். வீட்டில் யாராவது தேங்காய் நாரில் கயிறு திரித்துப் பார்த்திருந்தால் அந்தப் பிள்ளையை முன்னால் கூப்பிடுங்கள். ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்கி, மூன்றையும் சேர்த்து எதிர்ப்பக்கமாகத் திரிப்பார்கள். ஒரே பக்கமாக முறுக்கினால் கையை விட்டதும் பிரிந்துவிடும். கொலாஜனிலும் அப்படியே: தனித்தனிச் சங்கிலி இடக்கைச் சுருள், மூன்றும் சேர்ந்து வலக்கைச் சுருள். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் சென்னையிலிருந்து முன்வைத்த முச்சுருள் இது. மூன்று சங்கிலியும் நெருங்கும் நடு அச்சில் இடமே இல்லாததால், ஒவ்வொரு மூன்றாவது அமினோ அமிலமும் கிளைசினாக இருக்க வேண்டியிருக்கிறது. படி 2-இல் கிளிப்பைக் கழற்றியது இங்கே கைகொடுக்கும். சடை பின்னிக் காட்டாதீர்கள். சடையும் முறுக்கிய கயிறும் வேறு.

படி 7: முட்டை

கடைசியில் ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, ஒரு டம்ளர் கொதிநீர். ஊற்றியதும் வெளுக்கும். அதே நேரத்தில் எல்லாக் குழுக்களும் தங்கள் மாதிரியை அவிழ்த்து, வெளியே வந்த மஞ்சள் கிளிப்புகளைப் பக்கத்துக் குழுவின் மஞ்சளோடு கோக்கட்டும். ஐந்து நிமிடத்தில் எட்டுக் கம்பியும் ஒரே சிக்கலாகிவிடும். கிளிப் ஒன்றுகூட உதிரவில்லை, வரிசையும் மாறவில்லை. இழந்தது மடிப்பை மட்டும்தான். இதற்குப் பெயர்தான் இயல்பிழத்தல். வெந்த முட்டை ஆறினாலும் ஏன் திரும்பப் பச்சை முட்டை ஆவதில்லை என்று கேட்டால், அந்தச் சிக்கலைக் காட்டியே பதில் சொல்வார்கள்.

முட்டை வேண்டாம் என்று சொல்லும் பள்ளிகளில் பாலில் எலுமிச்சை பிழிந்து காட்டுவது வழக்கம். நான் அதைத் தவிர்க்கிறேன். பால் திரிவது கேசீன் என்ற பால் புரதத் துகள்களின் மின்சுமை போய் ஒன்று சேர்வதால். மடிப்பு அவிழ்ந்ததால் அல்ல. இயல்பிழத்தலுக்கு அது தப்பான உதாரணம்.

கணினித் திரை எப்போது

எல்லாம் முடிந்தபிறகுதான். புரத அமைப்புகளின் சேமிப்பகமான புரோட்டீன் டேட்டா பேங்க் 1971-இல் ஏழே ஏழு அமைப்புகளோடு தொடங்கியது. இன்று இலவசமாக யாரும் திறந்து பார்க்கலாம். மையோகுளோபினைத் திறந்து, முதலில், சங்கிலியின் போக்கை மட்டும் காட்டும் ரிப்பன் படத்தைக் காட்டுங்கள். பிறகு அதே மூலக்கூறை அணு அணுவாக நிரப்பிய படத்துக்கு மாற்றுங்கள். ரிப்பன் மறைந்து, இடைவெளியே இல்லாத ஒரு கட்டி வரும். “இதில் எது உண்மை?” என்று கேட்டுவிட்டு, பதிலை அவர்களிடமே விட்டுவிடுவேன். வரிசையைக் கொடுத்தால் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு மென்பொருளுக்காக ஹசாபிஸ், ஜம்பர் இருவருக்கும் 2024-இல் வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது. துணிக்கிளிப்போடு மல்லுக்கட்டிய பிள்ளைகளுக்கு அது எவ்வளவு கடினமான கணக்கு என்று விளக்க வேண்டியதே இல்லை.

தேர்வுக்குப் படம் வரையச் சொல்வதற்குப் பதில், பெயர் போடாத ஒரு மாதிரியைக் கையில் கொடுத்து மூன்று கேள்விகள் கேட்பேன்: எந்த முனை நைட்ரஜன் முனை, சுருள் எந்தக் கை, எந்தக் கிளிப்பை மாற்றினால் இது பக்கத்து மாதிரியோடு ஒட்டும். ஒருவருக்கு இரண்டு நிமிடம் போதும்.

கம்பிகளை நேராக்கி, கிளிப்புகளை நிறவாரியாகப் பிரித்து, டப்பாவில் போட்டு வையுங்கள். லெவல் டியூப் வெயிலில் கிடந்தால் மஞ்சளடித்துப் போகும். கிளிப் சரியாகப் பிடிக்காது. அடுத்த வருடத்துக்கு அதை மட்டும் புதிதாக வாங்கினால் போதும்.